மாவட்டம் போன் போட்ட அன்னைக்கு

இங்க உக்காரலாமா தம்பி? யாரும் வரலைல்ல? சரி. உங்க டோக்கன் எத்தனை? முப்பத்தொண்ணா. எனக்கு இருபத்தொம்போது. இப்பத்தான் இருபத்திரெண்டக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கென்ன, வெளிய வெயிலு மண்டையப் பொளக்குது, இங்க ஏசி போட்டிருக்கான். உக்காந்திருக்கிறதுல ஒண்ணும் நட்டமில்ல.

உங்க போனுக்கு என்ன? டிஸ்ப்ளேயா. கீழ போட்டுட்டீங்களா. அது பரவாயில்ல தம்பி. உடைஞ்சது கண்ணுக்குத் தெரியும், யாரும் உங்கள எதிர்க்கேள்வி கேக்க மாட்டாங்க. என்னோடது உள்ள இருக்கிற வியாதி. பேட்டரி நிக்க மாட்டேங்குது. வாரண்டி இந்த மாசத்தோட முடியுது. மாத்திக் குடுங்கன்னா, முதல்ல செக் பண்ணுங்க, அப்புறம் வாங்கன்னு விரட்டி விட்டாங்க. செக் பண்ணிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும்.

தம்பி எந்த ஏரியா? மார்க்கெட்டுக்குப் பின்னாடியா. அது நம்ம வட்டம் இல்ல. இருந்தாலும் என்னையப் பாத்திருப்பீங்களே. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க பெரிய ஃபிளெக்ஸ் இருந்துச்சே, மாவட்டத்தோட பொறந்தநாளுக்கு வச்சது. அதுல கீழ் வரிசையில, இடது பக்கமிருந்து நாலாவது. வெள்ளைச் சட்டை, கை கூப்பிக்கிட்டு. இல்லையா? எல்லாரும்தான் வெள்ளைச் சட்டை, எல்லாரும்தான் கை கூப்பியிருப்பாங்க, நீங்க சொல்றதும் சரிதான். நாந்தான் சென்றாயன். வட்டம் சென்றாயன்னு கேட்டா சந்தைப்பேட்டையில சின்னப் பிள்ளையும் சொல்லும்.

மாவட்டம்னதும் முழிக்கிறீங்க பாருங்க. மாவட்டம்னா ஊரு இல்ல தம்பி, ஆளு. மாவட்டச் செயலாளர். எங்க கட்சியில பெரியவங்கள பேரு சொல்லிக் கூப்பிடுறது மரியாதை இல்ல. மாவட்டச் செயலாளரு மாவட்டம். பகுதிச் செயலாளரு பகுதி. வட்டச் செயலாளரு வட்டம். “மாவட்டம் சாப்பிட்டுட்டாரா? பகுதி இன்னும் கை கழுவலையா? வட்டத்துக்கு ஒரு டீ சொல்லு.” இப்படித்தான் பேசிக்குவோம். வெளியாளு கேட்டா பூகோளப் பாடம்னு நினைப்பான். நான் ரொம்ப காலமா வட்டம். அந்தப் பேருக்கே திரும்பித் திரும்பிப் பழகி, என் சொந்தப் பேரச் சொன்னா யாரையோ கூப்பிடுறாங்கன்னு உக்காந்திருப்பேன்.

இப்ப அந்தப் பொறுப்பு என்கிட்ட இல்ல. ஏன் இல்ல? இந்தா, இந்த பேட்டரியாலதான். சிரிக்காதீங்க தம்பி. வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

எங்க மாவட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுசா பொறுப்பு போடுறப்ப தலைமையில இருந்து பட்டியல் வரும், பேப்பர்ல வரும், அதெல்லாம் ஊருக்கு. அதுக்கு முந்தின நாளு அவரே ஒவ்வொருத்தனுக்கும் போன் போடுவாரு. “சால்வையோட வீட்டுக்கு வா”ம்பாரு. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. அந்தப் போன் வந்துட்டா பொறுப்பு கையில வந்த மாதிரி. எடுக்கலைன்னா ரெண்டாந்தடவை போட மாட்டாரு. அது அவரு கௌரவம். அடுத்த பேருக்குப் போயிருவாரு. அதனால பட்டியல் வரப்போகுதுன்னா எங்க ஆளுக ஒருத்தனும் குளிக்கப் போக மாட்டான். போனானாலும் பொண்டாட்டிய பாத்ரூம் வாசல்ல போனோட நிறுத்திட்டுத்தான் போவான்.

அன்னைக்கு எங்க பகுதியோட மச்சினன் வீட்டுக் காதுகுத்து. போகாம இருக்க முடியுமா? பகுதி மனசுல ஒண்ணு வச்சிட்டா அப்புறம் எடுக்க முடியாது. போனேன். போன் கையிலதான் இருக்கு. காலையில கண்ணு முழிச்சதுல இருந்து எல்லாருக்கும் அடிச்சு விசாரிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன், யாரு யாருக்குப் போன் வந்துச்சு, யாருக்கு வரலைன்னு. ஒருத்தனும் வாயத் தொறக்கலை. வந்தவனும் வரலைங்கிறான், வராதவனும் வந்தமாதிரி சிரிக்கிறான். நானும் விடல, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பந்தியில உக்காந்து இலையில குழம்பு விழுகுது, இந்தப் போன் சிவப்பா ஒரு கோடு காட்டுச்சு. அம்புட்டுதான், மூஞ்சி கறுத்து அணைஞ்சிருச்சு. சார்ஜர் இருக்கான்னு அந்த மண்டபத்துல பந்தி பந்தியா கேட்டுத் திரிஞ்சேன். சமையல்காரரு வரைக்கும் கேட்டேன். ஒருத்தன்கிட்ட இருந்துச்சு, அதோட பின்னு இதுக்குச் சேரலை.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டு ஆன் பண்றேன். குரூப்புல பட்டாசு வெடிக்குது. ‘வட்டச் செயலாளர் அண்ணன் தீபன் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.’ அண்ணனாம். தீபன் யாருன்னு நினைக்கிறீங்க? ஃபிளெக்ஸ் அடிக்கிற பய. நம்ம போட்டோவ எல்லாம் ஒட்டிக் குடுத்துக்கிட்டு இருந்தவன். ஒவ்வொரு ஃபிளெக்ஸுலயும் தன் மூஞ்சிய ஒரு இஞ்சு பெருசாக்கிக்கிட்டே வந்திருக்கான், நாங்கதான் கவனிக்கல. கடைசியா அடிச்சதுல மாவட்டத்துக்குப் பக்கத்துல நிக்கிறான். கட்சியில வளரணும்னா உழைக்கணும்னு நினைச்சேன் தம்பி. மெஷின் வச்சிருந்தாப் போதும் போல.

அந்த ராத்திரி பூரா நான் சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. எனக்குப் புரியல, நான் என்ன தப்புப் பண்ணேன்? மாவட்டம் எங்க பேசுனாலும் மொத கைதட்டு என்னுது. அவரு பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே நான் தட்டப் போயி, “இருய்யா, இன்னும் முடிக்கல”ன்னு அவரே மேடையில சொல்லியிருக்காரு. அந்த அளவுக்குப் பழக்கம்.

அப்புறம் ஒரு கல்யாணத்துல அவரப் பாத்தேன். கூட்டத்துக்குள்ள புகுந்து போயி முன்னால நின்னேன். அவரே என் தோள்ல கை வச்சாரு. “சென்றாயா, உனக்குத்தான்யா போன் போட்டேன். கிடைக்கலையே”ன்னாரு. தோள்ல கை வச்சு சொன்னாரு தம்பி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ‘தப்பு என் மேலதான், போன் அணைஞ்சிருச்சு’ன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள போட்டோவுக்குக் கூப்பிட்டுட்டாங்க. ஆனா எனக்கு விஷயம் விளங்கிருச்சு. அவரு என்னைய மறக்கலை. கூப்பிட்டிருக்காரு. இந்த பேட்டரி செத்துக் கிடந்திருக்கு.

என்ன? மிஸ்டு கால் மெசேஜா? ஆமா, அணைஞ்சு கிடக்கிறப்ப யாராச்சும் கூப்பிட்டா, இந்த நம்பர்ல இருந்து கால் வந்துச்சுன்னு மெசேஜ் வரும். வந்துச்சே அன்னைக்கும். எண்ணெய்க் கடைக்காரரு ஒருத்தரு, என் சம்சாரம் ரெண்டு தடவை. மாவட்டத்தோடது வரலை. அதெல்லாம் சாதா ஆளுக கூப்பிட்டா வர்றது தம்பி. அவரு ரேஞ்சுக்கு நம்பரே வேற மாதிரி இருக்கும். அதெல்லாம் பதிவாகாது. நீங்க அரசியல்ல இல்ல, உங்களுக்குத் தெரியாது.

இன்னொண்ணு சொல்றேன், சிரிப்பு வரும். எனக்கு முந்தி கோட்டைச்சாமின்னு ஒருத்தரு வட்டமா இருந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா காலத்துக்கு ஒத்து வரல. எப்பப் பாத்தாலும் தெருக் குழாய், தெரு விளக்குன்னு மனு எழுதிக்கிட்டே இருப்பாரு. அவர எடுத்துட்டு என்னையப் போடுறதுன்னு மாவட்டம் முடிவு பண்ணிட்டாரு. அப்ப செல்லு ஏது, வீட்டுப் போனுதான். எனக்குக் காலையிலயே போன் வந்துருச்சு, அன்னைக்குச் சாயந்தரம் நான் கோட்டைச்சாமி வீட்டுலதான் உக்காந்திருந்தேன். சும்மா, பக்கத்துல இருப்போம்னு. போன் மேசை மேல இருக்கு. அவரு அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. ரெண்டு தடவை எடுத்து காதுல வச்சுப் பாக்குறாரு, டயல் டோன் நல்லா வருது. கடைசி வரைக்கும் ஒரு மணி அடிக்கல. மறுநாளு மாவட்டம் அவரு தோள்ல கையப் போட்டு, “கோட்டைச்சாமி, உங்களுக்குத்தான் போன் போட்டேன், கிடைக்கலை”ன்னாரு. நான் பக்கத்துல நிக்கிறேன். எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. அது சும்மா சொல்றது தம்பி. ஆள எடுக்கிறப்ப மனசு நோகாம எடுக்கிறதுக்கு அவரு வச்சிருக்கிற வித்தை. அந்த மனுஷன் அத நம்பி, மறுநாளே டெலிபோன் ஆபீஸுக்குப் போயி லைனப் பாருங்க, லைனப் பாருங்கன்னு நச்சரிச்சிருக்காரு. லைன்மேன் வந்து கம்பத்துல ஏறிப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல பெரியவரேன்னு எறங்கிட்டான். சந்தைப்பேட்டையே அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. நான்தான் சொல்லிச் சிரிக்க வச்சேன்.

என்ன தம்பி பாக்குறீங்க? என் விஷயம் வேற. அவருக்கு லைன் நல்லா இருந்துச்சு. எனக்கு நெசமாவே போன் அணைஞ்சிருந்துச்சுல்ல. அதான் வித்தியாசம்.

இருபத்தஞ்சு போகுதா. சரி.

அதான் நான் ஒரு யோசனை பண்ணேன். கம்பெனிக்காரனே பேட்டரி பழுதுன்னு ஒத்துக்கிட்டு வாரண்டியில மாத்திக் குடுத்தான்னா, கூட ஒரு பேப்பர் தருவான்ல? இன்ன போன், இன்ன பழுது, மாத்தியாச்சுன்னு. அத லேமினேட் பண்ணி மாவட்டம் கையில குடுத்துரணும். ‘அண்ணே, நீங்க கூப்பிட்டப்ப நான் எடுக்காம இருக்கலை. இந்தா சாட்சி.’ பகுதியில ஒரு துணைப் பொறுப்பு காலியா கிடக்குது. அவரு மனசு வச்சா ஒரு நிமிஷம். பேட்டரி எனக்கு எதுக்குத் தம்பி, மகன் வெளியூர்ல இருக்கான், ஒரு வார்த்தை சொன்னா புதுப் போனே வாங்கி அனுப்புவான். எனக்கு அந்தப் பேப்பர் வேணும்.

மொதல்ல வந்தப்ப அந்தப் பொண்ணுகிட்டத்தான் குடுத்தேன். அந்தா, மூணாவது கவுண்டர்ல, கண்ணாடி போட்டிருக்கே, ஜெனிட்டான்னு சட்டையில பேரு குத்தியிருக்கும். “என்ன பிரச்சனை சார்?”னுச்சு. பொறுப்பு போயிருச்சும்மான்னேன். “போன்ல என்ன பிரச்சனைன்னு கேட்டேன் சார்”னுச்சு. செட்டிங்ஸுக்குள்ள போயி பேட்டரியத் தட்டிப் பாத்துட்டு, ‘நல்லா இருக்கு’ன்னே காட்டுது சார், எம்பது சதவீதத்துக்குக் கீழ போனாத்தான் கம்பெனி மாத்தும்னுச்சு. எம்பதா? நாப்பது வாங்குனவன் ஜெயிச்சு கோட்டைக்கே போறான், இந்தப் பேட்டரிக்கு எம்பது கேக்குதுன்னேன். அது சிரிக்கல. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் தெரியாது.

அப்புறம் எதுஎது எம்புட்டு சார்ஜத் திங்குதுன்னு ஒரு இடத்துல காட்டுச்சு. போன் பேசுறது பாதி. மீதிப் பாதி வாட்ஸ்அப். “சார், ஒருத்தரோட ஸ்டேட்டஸே நிறைய பாக்குறீங்களோ?”ன்னு கேட்டுச்சு. அது எப்படி அதுக்குத் தெரிஞ்சுச்சுன்னு தெரியல. மேலயே தொறந்து கிடந்துச்சு போல. தீபனோட ஸ்டேட்டஸ். பாக்க வேண்டியதா இருக்கு தம்பி. எதிராளி என்ன பண்றான்னு தெரிய வேண்டாமா? அவன் காலையில எழுந்திரிச்சு போடுற வணக்கத்தை மொதல்ல பாக்குறது நான்தான். அன்னைக்கு, நான் வருஷக்கணக்கா மனு குடுத்தும் எரியாத பிள்ளையார் கோயில் தெரு விளக்கை ஒரே வாரத்துல எரிய வச்சு, கீழ நின்னு போட்டோ போட்டிருக்கான். என் மனு மேலதான் எரிஞ்சிருக்கும். அது ஊருக்குத் தெரியாது. வெளிச்சத்துல நிக்கிறவன் மூஞ்சிதான தெரியும்.

அந்தப் பொண்ணு ஒரு வழி சொல்லுச்சு. “சார், ஒரு நாள் முழுசா சார்ஜ் ஏத்திட்டு, நீங்களா யாருக்கும் போன் பண்ணாதீங்க. எதையும் பாக்காதீங்க. வர்ற போனை மட்டும் எடுத்துப் பேசுங்க. சாயந்தரம் எம்புட்டு இறங்கியிருக்குன்னு பாருங்க. மறுநாள் எப்பவும் போல பேசுங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தா பேட்டரி இறங்குதா, நாம இறக்குறோமான்னு தெரிஞ்சிரும்”னுச்சு. நாம இறக்குறோமா, பாருங்க பேச்ச. சரி, சோதனைதான, அதுக்கு நாம பயந்தவங்களான்னு வந்துட்டேன்.

ராத்திரியே சார்ஜப் போட்டு காலையில எடுத்தேன். நூறு. டிவி பொட்டி மேல வச்சேன். பஞ்சவர்ணம், என் சம்சாரம், “என்னங்க, சாமிக்கு வச்ச மாதிரி வச்சிருக்கீங்க”ன்னா. சோதனைடி, தொடாதன்னேன். எதுக்க நாற்காலியப் போட்டு உக்காந்தேன்.

எனக்கு விடிஞ்சா போன்தான் தம்பி. மொத வேலையா டீக்கடைக்கு, அப்புறம் தண்ணி தொறந்து விடுறவனுக்கு, அப்புறம் பகுதிக்கு. “வணக்கம், சென்றாயன் பேசுறேன், என்ன விசேஷம்?” பகுதி எடுக்க மாட்டாரு, பிஸி. இருந்தாலும் நாம கூப்பிட்டமான்னு அவருக்குத் தெரியும்ல. அன்னைக்கு அது ஒண்ணும் கூடாது. கை பரபரங்குது. பேப்பர எடுத்து மரண அறிவிப்பு வரைக்கும் படிச்சேன். பல் விளக்குன வாயையே திரும்ப விளக்குனேன்.

பதினோரு மணி வாக்குல ஒரு போன் வந்துச்சு. பாஞ்சு எடுத்தேன். ஒரு பொண்ணு. வணக்கம் சார், எப்படி இருக்கீங்கன்னுச்சு. அந்தக் குரல்ல ஒரு மரியாதை. நல்லா இருக்கேம்மா, சொல்லும்மா, என்ன பிரச்சனை, தண்ணி வரலையா, நான் இப்ப பொறுப்புல இல்லைன்னாலும் சொன்னாக் கேப்பாங்க, சாக்கடை அடைப்புன்னா அதுக்கு வேற ஆளு, நான் பேசி விடுறேன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். அது நடுவுலயே, தனிநபர் கடனுக்கு ஒண்ணை அழுத்தவும்னுச்சு. பதிவு பண்ணி வச்ச குரலு. பஞ்சவர்ணம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டா. 

அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. மத்தியானம் போச்சு. வெயில் தாழ்ந்துச்சு. நடுநடுவுல போய்ப் பாத்தேன், டவர் இருக்கான்னு. அஞ்சு கோடும் நட்டுக்கிட்டு நிக்குது. முன்ன எல்லாம் சோத்துல கை வைக்க விட மாட்டாங்க தம்பி. இறப்புச் சான்றிதழு, முதியோர் பென்ஷனு, பிள்ளைக்கு ஸ்கூல் சீட்டு. எச்சிக் கையோட பேசுவேன். பஞ்சவர்ணம் திட்டுவா, அந்தப் போனைத் தூக்கி அடுப்புல போடப் போறேன்னு. அந்தச் சனம் எல்லாம் எங்க போச்சு? அதுகளுக்குக் குழாய்ல தண்ணி வந்துருச்சா? என்ன, ஒரு வணக்கம் சொல்றதுக்குக் கூடவா ஒருத்தனுக்கும் நேரமில்ல? தீபன் நம்பரு எல்லார் வீட்டுச் செவுத்துலயும் ஒட்டியிருக்கு. காலண்டர் அடிச்சுக் குடுத்திருக்கான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாத்தேன். தொண்ணூத்தாறு.

நான் கண்ணாடியத் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தேன். நூறுல இருந்து நாலுதான் இறங்கியிருக்கு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுருச்சு. வேணும்னே பண்ணுது பாருங்க. ஆய்வுக்கு அதிகாரி வர்ற அன்னைக்கு மட்டும் ஆஸ்பத்திரி பளபளன்னு இருக்கும்ல, அந்த மாதிரி நடிச்சிருக்கு. பஞ்சவர்ணம் காபியக் கொண்டாந்து வச்சா. பக்கத்துல உக்காந்தா. அவ அப்படி உக்கார மாட்டா. “ஏங்க, பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க?”ன்னா.

என்ன கேள்வி பாருங்க. நல்லா இருந்தா நல்லதுன்னுதான யாரும் சொல்லுவாங்க. காபியக் குடிச்சிட்டு, உனக்கு அரசியல் தெரியாதுடின்னேன்.

மறுநாளு விட்டேன் பாருங்க. எப்பவும் போல. விடிஞ்சதுல இருந்து போன். பகுதிக்குப் போட்டேன், எடுக்கல. திரும்பப் போட்டேன். நகரத்துக்குப் போட்டேன். மாவட்டத்தோட டிரைவருக்குப் போட்டேன், அவன் மட்டும் எடுத்து, “அண்ணன் மீட்டிங்ல இருக்காருண்ணே”ன்னான். பின்னாடி குக்கர் விசில் அடிக்குது. அவன் வீட்டுலதான் இருக்கான், பாவம், மரியாதைக்குச் சொல்றான். எல்லாக் குரூப்புலயும் காலை வணக்கம் போட்டேன். கல்யாண நாளு, பொறந்த நாளு, நினைவு நாளு எல்லாத்துக்கும் போட்டேன். தீபன் ஸ்டேட்டஸைப் பாத்தேன். மத்தியானச் சோத்துக்கு உக்காரையில பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. பாத்தியா பஞ்சவர்ணம், நான் சொல்லல, இது கெட்ட பேட்டரின்னு சொல்லிட்டு, ரொம்ப நாளைக்கப்புறம் அன்னைக்குத்தான் ரெண்டாந்தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

இருபத்தொம்போது. என்னுதுதான். தம்பி, இந்தப் பைய மட்டும் பாத்துக்கங்க. சால்வைதான் இருக்கு. இங்க இருந்து நேரா மாவட்டம் வீடு. கண்டிப்பா மாத்தித் தந்துருவாங்க. வந்துர்றேன்.

தள்ளி உக்காருங்க தம்பி. ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

பேட்டரி நல்லா இருக்காம். அதே பொண்ணுதான், ஒரு வயரைச் சொருகி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச்சு. தொண்ணூத்தி மூணு சதவீதம் வலுவா இருக்காம். புதுப் பேட்டரியே இப்படித்தான் சார் இருக்கும்னுது. நான் ரெண்டாம் நாள் கதையச் சொன்னேன். மத்தியானத்துக்குள்ள அத்தனை போன் பண்ணா எந்த பேட்டரியும் அப்படித்தான் சார் அணையும்னுருச்சு. “சந்தோஷமாப் போங்க சார்”ங்குது. சந்தோஷமாம்.

அப்புறம் நான் என்ன கேட்டேன் தெரியுமா? கேவலந்தான், இருந்தாலும் கேட்டுட்டேன். அம்மா, மாத்தித் தர வேணாம். புது பேட்டரி எனக்கு வேணவே வேணாம். இந்தப் பேப்பர்ல, இது கெட்டுப் போயிருந்துச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடு, உனக்குப் புண்ணியமாப் போகும்னேன். அந்தப் பிள்ளை என்னைய நிமிந்து பாத்துச்சு. திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்ல. “நீங்க யாருகிட்ட காட்டணும் சார்?”னு மெதுவாக் கேட்டுச்சு. நான் பேனாவ அது பக்கம் தள்ளி வச்சேன். ‘பழுது இல்லை’ன்னு அடிச்ச பேப்பர மடிச்சு என் கையில குடுத்துட்டு, அடுத்த டோக்கனை அமுக்கிருச்சு.

ஒரு வார்த்தை கேக்குறேன். உங்களுக்கு இதுல சம்பந்தமில்ல, அதனால நெசமாச் சொல்லுவீங்க. அவரு தோள்ல கை வச்சுச் சொன்னாருல்ல. கை வச்சவரு பொய் சொல்லுவாரா? கோட்டைச்சாமிக்கும் கை வச்சாருங்கிறீங்களா. ஆமா. வச்சாரு. அதே கைதான்.

சரி, விடுங்க. இருங்க, இருங்க. பேட்டரி நல்லா இருக்குன்னே வச்சிக்குவோம். அப்ப வெளியில இருந்து வர்ற கால் உள்ள வராம எங்கயோ அடைச்சிருக்கலாம்ல? அத அந்தப் பொண்ணு செக் பண்ணவே இல்ல. வயரச் சொருகுனா அது தெரியுமா? கால் பண்ணாத்தான தெரியும். உங்க போன் டிஸ்ப்ளே தான உடைஞ்சிருக்கு, நம்பர் அமுக்க வருதுல்ல? ஒரு கால் போடுங்க. நம்பர் சொல்றேன், மெதுவாப் போடுங்க, விரலக் கிழிச்சுக்காதீங்க.

போட்டாச்சா? போகுதா?

அடிக்குது. எங்க கட்சிப் பாட்டுதான். எடுக்கலை, எடுக்கலை, நீங்க கட் பண்ணாதீங்க. அடிக்கட்டும். திரும்பிப் பாக்குறவங்க பாக்கட்டும் தம்பி, நமக்கென்ன. இத்தனை வருஷத்துல இந்தப் பாட்டை மொத வரியத் தாண்டி நான் கேட்டதே இல்ல. அதுக்குள்ள எடுத்துருவேன். அந்தா, ரெண்டாவது வரியில புல்லாங்குழல் எல்லாம் வருது பாருங்க. நல்லாத்தான் பாடியிருக்கான்.

நின்னுருச்சு.

உங்க டோக்கன் வர இன்னும் ஒரு ஆளு இருக்கு. இன்னொரு தடவை போடுங்க தம்பி.